அப்பாவின் இடப்பக்கம்

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி எங்கள் வீட்டில் வாட்ஸ்அப் நேரம். டாலஸில் ஒன்பது என்றால் திருச்சியில் ஞாயிறு காலை ஏழரை. அப்பா குளித்து, விபூதி இட்டு, காபி டம்ளரோடு ஃபோன் முன்னால் உட்கார்ந்திருப்பார். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும், மணி மட்டும் மாறும்.

போன வருஷம் ஆகஸ்டில் அப்படி ஒரு சனிக்கிழமை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் மகளை ஒரு பக்கத் தொடையில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், சிரித்தார், உடம்பு பரவாயில்லை என்றார். பிறகு கேட்டார்: "பாப்பா எங்கடா? தூங்கிட்டாளா?"

"தாத்தா, இங்கதான் இருக்கேன்!" என்று அவள் கத்தினாள்.

"சத்தம் கேக்குது, ஆளக் காணோமே. வரச் சொல்லு."

அவள் என் மடியில் நகர்ந்து இந்தப் பக்கத் தொடைக்கு வந்தாள். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அட, வந்துட்டியா!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நெட்வொர்க் கோளாறாக இருக்கும், இல்லையென்றால் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஃபோன் திரையில் அவருக்கு இடப்பக்கம் இருந்த எதுவுமே அவருக்கு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பத்து நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு 69 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை குளிக்கும்போது இடது கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது. வெளியே வந்தவர் இடது தோளில் துண்டு சரிந்து கிடப்பதைக்கூடக் கவனிக்காமல் ஹாலில் வந்து உட்கார்ந்தார். பேச்சு தெளிவாக இருந்தது. அதனால் அம்மா வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து வெந்நீரும் சுக்கும் கொடுத்தாள். அக்கா வந்து பார்த்துத்தான் வாய் ஓரம் லேசாகக் கோணியிருப்பதைக் கண்டுபிடித்தாள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போயிருந்தது. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போட்டார்கள், அந்த வகையில் அப்பாவுக்கு நல்ல நேரம்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் என்றால் பேச்சு குழறும் என்று நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் தலைமையிடம் மூளையின் இடது பாதியில். வலது பாதியில் அடைப்பு வந்தால் ஆள் கணீரென்று பேசிக்கொண்டே இருப்பார். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அடித்துச் சொல்வார். அதை நம்பிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். எட்டு நாளும் அக்காதான் கூட இருந்தாள். வேலைக்கு லீவு போட்டு, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு. கட்டிலின் வலப்பக்கம் டிரிப்ஸ் ஸ்டாண்டும் மானிட்டரும் இருந்ததால் அவள் நாற்காலி இடப்பக்கம். நான் ஃபோன் செய்தபோதெல்லாம் அப்பா ஒரே புகார்தான் சொன்னார். "பெரியவ வந்து எட்டிக்கூடப் பாக்கலடா. வந்தாலும் உடனே போயிடறா."

இங்கே உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "நான்தான் அங்க இல்ல. நீ இருந்துமா அவர் தனியா கிடக்கணும்?" அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோனை வைத்துவிட்டாள். அவள் அப்போது அப்பாவின் கட்டிலுக்கு ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அவள் பேசினால் அப்பா பதில் சொல்வார், ஆனால் முகத்தை வலப்பக்கம் திருப்பி, நர்ஸிடம் சொல்வதுபோல. அவள் எழுந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து மாத்திரை கொடுக்கும்போது, "இப்பதான் வர்றியா?" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தரம்.

டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரிகளில் ஒன்று, "லெஃப்ட் நெக்லெக்ட்" என்று இருந்தது. அக்கா அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், அழுத குரலில்: "நெக்லெக்ட்னு எழுதியிருக்காங்கடா. நாங்க கவனிக்கலைன்னு டாக்டரே எழுதிட்டார். உனக்கு இப்ப திருப்தியா?"

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடியபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அது குடும்பத்தின் புறக்கணிப்பு இல்லை. மூளையின் வலது பாதி அடிபட்டால், உலகத்தின் இடது பாதியைக் கவனிப்பது நின்றுபோகும் ஒரு நிலைக்கு மருத்துவத்தில் அதுதான் பெயர். அன்று ராத்திரியே டிக்கெட் போட்டேன்.

பார்வை வேறு, கவனம் வேறு

ஊருக்குப் போன மறுநாள் அப்பாவை ஒரு கண் மருத்துவரிடமும் அழைத்துப் போனோம். என் சந்தேகம் தீர வேண்டுமே. இரண்டு கண்ணும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றார். அவர் இடப்பக்கம் ஒற்றை விரலை ஆட்டிக் காட்டியபோது அப்பா, "தெரியுது சார், விரல் ஆடுது" என்று சொன்னார். வலப்பக்கமும் சொன்னார். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் நீட்டி இரண்டு விரலையும் ஆட்டினால், "ஒரு விரல். வலது பக்கம்." இடது விரல் காணாமல் போய்விட்டது!

நான் சாஃப்ட்வேர் ஆள். கண் ஒரு கேமரா, மூளை ஒரு திரை, முன்னால் இருப்பதெல்லாம் தானே பதிவாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான் ஏறக்குறைய நம் கண் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு. மீதியெல்லாம் மங்கல். அதனால் கண்ணை நொடிக்கு மூன்று நாலு முறை தாவவிட்டுத் தாவவிட்டுத்தான் முழுப் படத்தையும் பார்க்கிறோம். அப்படியானால் அடுத்து எங்கே தாவுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதுதான் கவனத்தின் வேலை. கண் அசைவதற்கு முன்னாலேயே கவனம் அங்கே போய் நின்றுவிடுகிறது.

கண்ணை அசைக்காமலே கவனத்தை மட்டும் நகர்த்த முடியும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டிலேயே தன் மீதே செய்து பார்த்திருக்கிறார். இருட்டில் எழுத்துகள் அச்சிட்ட தாள். நடுவில் ஊசிமுனை அளவு ஒரு ஒளிப்புள்ளி. பார்வையை அந்தப் புள்ளியில் நிறுத்திவிட்டு, மனதை மட்டும் ஒரு மூலைக்கு அனுப்புவார். ஒரு மின்பொறி வெட்டும். அந்த மூலையில் இருந்த எழுத்துகளை மட்டும் அவரால் படிக்க முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் என் அப்பா ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரைக் கேட்காமலே இதைச் சொல்லிக்கொடுத்தவர். நான் லைசென்ஸ் எடுக்கும்போது சொல்வார்: "கண்ணு ரோட்டுல இருக்கணும், நெனப்பு கண்ணாடியில இருக்கணும்." நம்ம ஊர் பஸ்ஸில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். ஏறி இறங்கும் ஜனம் முழுக்க இடப்பக்கம். படிக்கட்டில் தொங்கும் பையன், புடவைத் தலைப்பு சிக்கிக்கொண்ட அம்மா, எல்லாமே இடது கண்ணாடியில்தான். 31 வருஷம் அந்த இடது பக்கத்தைக் காவல் காத்த மனிதர் அவர்.

மைக்கேல் போஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980 வாக்கில் இதை அளந்து காட்டினார். திரையின் நடுவில் பார்வை. இரு பக்கமும் ஒவ்வொரு கட்டம். ஒரு கட்டம் மினுக்கும். அதே கட்டத்தில் அடுத்ததாகப் புள்ளி வந்தால் ஆட்கள் சீக்கிரம் பட்டனை அழுத்துகிறார்கள். எதிர்க் கட்டத்தில் வந்தால் தாமதம். சில பத்து மில்லிசெகண்டுகள்தான் வித்தியாசம், ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு 1984-இல் அவரும் கூட்டாளிகளும் மூளையின் பரைட்டல் பகுதி, அதாவது உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் பகுதி, அடிபட்டவர்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். கவனத்தை முதலில் நல்ல பக்கம் இழுத்துவிட்டு, பிறகு மறுபக்கம் புள்ளியைக் காட்டினால் அவர்கள் ரொம்பவே தடுமாறினார்கள், சில சமயம் புள்ளியைத் தவறவே விட்டார்கள். பிடித்த இடத்தை விட்டு வர முடியவில்லை. அப்பாவின் இரண்டு விரல் பரிசோதனையும் இதே ஜாதிதான்: வலது விரல் கவனத்தைப் பிடித்துக்கொண்டால் இடதுக்கு மிச்சமில்லை.

இரண்டு வலைகள்

மூளையில் கவனத்துக்கு என்று ஒரே ஒரு பட்டன் இல்லை. மௌரிட்சியோ கார்பெட்டா, கார்டன் ஷுல்மன் என்ற இருவர் 2002-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. மேல்பக்கமாக ஒரு வலைப்பின்னல். பரைட்டல் பகுதியையும் நெற்றிப்பக்கம் கண் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் இணைப்பது. நாமாக ஒன்றைத் தேடும்போது, கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்ட பிள்ளையைத் தேடுகிற மாதிரி, இது ஓடும். கீழ்ப்பக்கமாக இன்னொரு வலைப்பின்னல். யாரோ கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தால் செய்கிற வேலையை அறுத்துக்கொண்டு திரும்ப வைப்பது இது. எங்கள் தொழிலில் "இன்டரப்ட்" என்போமே, அதே. இந்த இரண்டாவது வலை பெரும்பாலும் மூளையின் வலது பாதியில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அடைப்பு வந்த இடமும் அங்கேதான்.

நெற்றிப்பக்கப் பகுதியைப் பற்றி ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணை அசைக்க வைக்கும் அந்த நரம்புகளில் மிக மெல்லிய மின்சாரம், கண் அசையாத அளவுக்கு, குரங்குகளில் செலுத்திப் பார்த்தார்கள். 2003-இல் வந்த ஆய்வு. கண் நகரவில்லை. ஆனால் கண் எந்த இடத்துக்கு நகர்ந்திருக்குமோ, அந்த இடத்தைப் பார்க்கும் பின்மண்டை நரம்புகள் சத்தத்தைக் கூட்டிவிட்டன. கண்ணை நகர்த்தும் எந்திரமும் கவனத்தை நகர்த்தும் எந்திரமும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஏன் எப்போதும் இடப்பக்கமே காணாமல் போகிறது என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. இடது மூளை அடிபட்டு வலப்பக்கம் காணாமல் போவதும் உண்டு, ஆனால் அது குறைவு, லேசாகவும் இருக்கும். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: இடது மூளை வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது படுத்துவிட்டால் வலது சமாளிக்கும். வலது படுத்துவிட்டால் இடப்பக்கத்துக்கு ஆளே இல்லை. இன்னொரு விளக்கம், இரண்டு பாதிகளும் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி கவனத்தை எதிரெதிரே இழுக்கின்றன, ஒரு அணி விழுந்தால் கயிறு மொத்தமாக மறுபக்கம் போய்விடும் என்பது. அப்பாவைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படும். அவர் முகமே வலப்பக்கம் இழுபட்டு நிற்கும்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று அம்மா இலை போட்டாள். நுனி இடப்பக்கம் வருகிற மாதிரிதானே போடுவோம். உப்பு, ஊறுகாய், பாயசம், கொழுக்கட்டை எல்லாம் இடப்பக்கம். அப்பா வலப்பக்கம் இருந்த கூட்டையும் சோற்றில் பாதியையும் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். சோறு நடுவில் கத்தியால் வெட்டியது போல நின்றது. "சதுர்த்தியும் அதுவுமா கொழுக்கட்டை கூடப் பண்ணலியா?" என்றார். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. காலையிலிருந்து நின்று செய்தவள்.

நான் படித்துவிட்டு வந்த மிதப்பில், "இலையைத் திருப்பிப் போடும்மா, தெரியும்" என்றேன்.

"வாய மூடுடா. இலைய எதுக்குத் திருப்பிப் போடுவாங்கன்னு உனக்குத் தெரியாது?"

பேசாமல் இருந்துவிட்டேன். அம்மா அவர் இடது தோளைத் தொட்டாள். தொட்டபடியே இருந்தாள். "ஏங்க, இந்தக் கை எங்க இருக்கோ அங்க பாருங்க." அப்பா தலை மெதுவாகத் திரும்பியது. தோள், அம்மாவின் வளையல், இலை நுனி. "அடேயப்பா, இவ்வளவு வெச்சிருக்க!" பிற்பாடு பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். இடது பக்கத்தில் ஒரு நங்கூரம் வைத்து, அதைத் தேடிப் பிடித்துவிட்டு அங்கிருந்து வலப்பக்கம் வரப் பழக்குவதுதான் இதற்கான பயிற்சியே, அம்மா பாதிப் பாடத்தை முடித்துவிட்டார் என்றாள்.

நினைவிலும் பாதி

1978-இல் இத்தாலியில் எடுவார்டோ பிசியாக், கிளாடியோ லுட்சாட்டி என்ற இருவர் செய்த ஒரு ஆய்வு மிலான் நகரத்து சதுக்கம் ஒன்றைப் பற்றியது. பியாட்சா டெல் துவோமோ, பெரிய தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கம். இடப்பக்கத்தைத் தவறவிடும் இரண்டு நோயாளிகளிடம், தேவாலயத்தைப் பார்த்தபடி சதுக்கத்தின் எதிர்முனையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்கள் மட்டுமே வந்தன. சரி, இப்போது தேவாலயத்தின் படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினையுங்கள் என்றார்கள். கொஞ்ச நேரம் முன்னால் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் பார்க்கும்போதும் ஒரு பாதியைத்தான் கவனம் தொடுகிறது! நினைவு அழியவில்லை. எட்டிப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த நிலை உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்குத்தான்.

அப்பாவுக்கு ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். தஞ்சாவூர் ரூட்டில் அவர் பல வருஷம் ஓட்டினார். "திருச்சியிலேருந்து கிளம்புறீங்கப்பா, வழியில என்னென்ன வரும் சொல்லுங்க" என்றேன். சோதனை பண்ணும் எண்ணம் அப்போது இல்லை. துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று ஊர்ப் பெயர் ஒன்றும் விடவில்லை. ஆனால் சாலையோரத்தில் அவர் சொன்ன டீக்கடை, புளியமரம், அய்யனார் கோயில், பஞ்சர் கடை எல்லாம் போகும்போது வலப்பக்கம் வருபவை. நானும் சின்ன வயதில் அவர் பஸ்ஸில் எத்தனையோ தரம் போனவன், எனக்குத் தெரியும். "அங்கேருந்து திரும்பி வர்றீங்க, இப்ப சொல்லுங்க" என்றேன். பழனியாண்டி மெஸ் வந்தது, கல்குவாரி வந்தது, அம்மா ஒருமுறை மயங்கி விழுந்த ஆஸ்பத்திரி வந்தது. அய்யனார் போய்விட்டார்.

நான் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் இந்த நோயாளிகளிடம் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்திருக்கிறார். நோயாளியின் வலப்பக்கம் ஒரு கண்ணாடியை வைத்தால் இடப்பக்கம் இருக்கும் பொருள் அதில் தெரியும். கண்ணாடி என்று அவருக்குத் தெரியும். இருந்தும், பேனாவை எடுங்கள் என்றால், இடப்பக்கம் இருக்கும் நிஜப் பேனாவை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் கைவிடுவார் சிலர். பேனா கண்ணாடிக்குள் இருக்கிறது, பின்னால் இருக்கிறது என்பார்கள். இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாத உலகத்தில் அந்தப் பேனா வேறெங்கே இருக்க முடியும்?

அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி அப்பாவின் வலப்பக்கம் சாய்த்து வைத்தேன். இடப்பக்கம் நின்று விபூதி டப்பாவை நீட்டினேன். "தெரியுதாப்பா?" "தெரியுது." "எடுங்க." அவர் கை நேராகப் போய்க் கண்ணாடியில் முட்டியது. மறுபடி முட்டியது. பிறகு விரலால் கண்ணாடியின் பின்பக்கம் துழாவினார். "பின்னாடி விழுந்துடுச்சுடா."

கண்ணாடியைப் பார்த்தே 31 வருஷம் பிழைத்த மனுஷர். நான் டப்பாவை அவர் வலது கையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் திரும்ப மாட்டினேன். அவருக்கு அது ஒரு சோதனை என்றே தெரியாது. எனக்குத் தெரியும். படித்ததைச் சரிபார்க்கும் ஆசை என்று வேண்டுமானால் சொல்லலாம், செய்திருக்கக் கூடாது.

அன்று ராத்திரி அடுக்களையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ஃபோன்ல பேசினது தப்பு" என்றேன். அவள் திரும்பவில்லை. "அவர் சொன்னத நம்பின. நான் சொல்றத ஒரு தரம் கேட்டிருக்கலாம்ல." கேட்டிருக்கலாம். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவனுக்கு ஃபோனில் கேட்ட குரல்தான் சாட்சி. யார் குரல் கேட்டதோ அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சாவி

இந்த நோயின் கஷ்டமே, இருப்பது அவருக்குத் தெரியாது என்பதுதான். கண்பார்வையில் பாதி போனவருக்குத் தெரியும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமாளிப்பார். கவனத்தில் பாதி போனவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. ஆனாலும் தவறவிட்டது மூளைக்குள் நுழையவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1988-இல் ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீப்பிடித்து எரிகிறது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்றாள். எந்த வீட்டில் குடியிருப்பாய் என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் எரியாத வீட்டையே தேர்ந்தெடுத்தாள். என்ன கேள்வி இது, இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டே! அப்பாவும் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். அதே வாசலில் இடப்பக்கம் நாய் படுத்திருந்தால் மட்டும் ஏனோ நிற்பார். கேட்டால், "சும்மா நின்னேன்" என்பார்.

அதனால் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "வண்டிச் சாவி எங்க?"

அவருடைய டி.வி.எஸ். 50. கை கால் நன்றாகத்தான் இருக்கிறது, கடைத்தெரு வரைக்கும் போய்வருவதில் என்ன என்று தினம் ஒரு சண்டை. இடது கை பலவீனம் லேசானது, இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு அவர் ஆரோக்கியமான ஆள். பக்கத்து வீட்டு மாமா வேறு, "டிரைவரையே வண்டி ஓட்ட விடமாட்டேங்கறீங்களே" என்று ஏற்றிவிடுவார். அப்பாவிடம் எத்தனை விளக்கினாலும் ஏறவில்லை. கடைசியில் செய்தித்தாளைக் கொடுத்து, இந்தப் பத்தியைச் சத்தமாகப் படியுங்கள் என்றேன். ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு வார்த்தையை விட்டுவிட்டுப் படித்தார். நான் அதை ஃபோனில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன், தாளைக் கையில் வைத்து விரலால் வரியின் தொடக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். "இது எப்போ வந்துச்சு?" என்று கேட்டார், வார்த்தைகளைப் பற்றியா நோயைப் பற்றியா தெரியவில்லை. அன்று முழுக்க சாவி கேட்கவில்லை. மறுநாள் கேட்டார். அக்கா சாவியைத் தன் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் இருந்த மூன்று வாரத்தில் வீட்டைக் கொஞ்சம் மாற்றினோம். எங்களைப் போல யாராவது இருந்தால் உதவும் என்று சொல்கிறேன், ஆனால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தண்ணீர் சொம்பு, அழைப்பு மணி, மாத்திரை மாதிரி உயிர் சமாச்சாரங்கள் முதலில் வலப்பக்கமே இருக்கட்டும். டி.வி., பேச வருகிறவர்கள், பேரப்பிள்ளைகள் மெல்ல மெல்ல நடுவுக்கும் இடப்பக்கத்துக்கும் போகட்டும். புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினோம். சிவப்பைப் பார்த்தபிறகுதான் வரியைத் தொடங்க வேண்டும் என்பது விதி. தட்டின் இடது விளிம்பிலும் சிவப்பு. ஃபோனிலும். இடது கையை மேசைமேல் வைத்து அசைத்துக்கொண்டே பார்க்கச் சொல்வதும் சிலருக்கு உதவுகிறதாம். எல்லாவற்றையும் வலப்பக்கம் நகர்த்திச் சிவப்பாகக் காட்டும் பட்டகக் கண்ணாடி என்று நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு சிகிச்சையும் உண்டு. சிவப்பெல்லாம் இல்லை, காட்சியைப் பத்து டிகிரி வலப்பக்கம் தள்ளிக் காட்டும் கண்ணாடி, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு விரலால் சுட்டிப் பழகிவிட்டுக் கழற்றினால், கை கொஞ்ச நேரம் இடப்பக்கமாகப் போகும், கூடவே கவனமும் இடப்பக்கம் நகரும் என்று 1998-இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. நாங்கள் அதைச் செய்யவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு முதல் சில மாதங்களில் நன்றாகத் தேறும். அப்பாவும் தேறிக்கொண்டுதான் வந்தார். தீபாவளிக்குள் இலையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாப்பிட்டார். டிசம்பரில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்; ஆகஸ்டில் பன்னிரண்டு எண்ணையும் வலப்பாதியில் திணித்தவர், ஒன்பதையும் பத்தையும் சரியான இடத்தில் போட்டார். அலுப்பாக இருக்கும்போதும் கூட்டம் இருக்கும்போதும் மட்டும் பழைய மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு கல்யாண வீட்டில் இடப்பக்கம் வந்து வணங்கிய சம்பந்தியை அவர் கண்டுகொள்ளவே இல்லை என்று ஒரு மனஸ்தாபம். அம்மா இன்னமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டர், வண்டி இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். தெருவில் இடப்பக்கத்துச் சந்திலிருந்து ஓடிவரும் குழந்தைக்கு மூன்று நொடி தாமதம் போதும்.

இப்போது சனிக்கிழமைகளில் என் மகள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே தாத்தாவுக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி என் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "தாத்தா, நான் எங்க?" என்பாள். அப்பா முதலில் ஃபோனின் சிவப்பு டேப்பைத் தேடுவார். தலை திரும்புவது எங்களுக்குத் தெரியும். "ஒண்ணு, ரெண்டு..." என்று இவள் எண்ண ஆரம்பிப்பாள். போன வாரம் மூன்று சொல்வதற்குள் பிடித்துவிட்டார்.

"கண்டுபிடிச்சுட்டேன். இப்ப உங்கப்பன்கிட்ட சொல்லு, சாவிய வாங்கித் தரச் சொல்லி."

அவருக்கு இடப்பக்கம், திரைக்கு வெளியே எங்கிருந்தோ அக்காவின் குரல் வந்தது. "அதெல்லாம் தர முடியாது."

அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். "நீ எப்ப வந்த?"

"காலையிலேருந்து இங்கதான்ப்பா இருக்கேன்."